ஹோட்டல்ல கல்யாணம்: பால்ரூமா, புல்வெளியா, கடற்கரையா, மொட்டை மாடியா?

தம்பிக்கு கல்யாணம் முடிவானதும் ஹோட்டல்ல இருந்து ஒரு பிடிஎஃப் வந்துச்சு. ஒரே ஹோட்டலுக்குள்ள ஆறு இடம். பால்ரூம் (ஹோட்டலோட பெரிய விசேஷ ஹால்), பின்பக்க புல்வெளி, கடற்கரை, மொட்டை மாடி, நீச்சல்குளத்துப் பக்கம், அப்புறம் புல்வெளியைப் பார்த்த மாதிரி பெரிய கண்ணாடிக் கதவு வச்ச ஒரு சின்ன ஹால். எல்லா போட்டோவும் அவ்வளவு அழகா இருந்துச்சு. அம்மா பால்ரூம்னு சொன்னாங்க, தம்பி மொட்டை மாடின்னான், அவன் கட்டிக்கப்போற பொண்ணு கடற்கரைன்னு சொல்லுச்சு, ரெண்டு வாரம் வீட்ல இதே பேச்சுதான். எனக்கு மட்டும் அந்த போட்டோவ பாக்கப் பாக்க அக்கா கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வந்துட்டே இருந்துச்சு.

அக்கா கல்யாணமும் ஒரு ஹோட்டல்லதான் நடந்துச்சு, வேற ஹோட்டல். புல்வெளில நாற்காலி போட்டு, பூ கட்டி, வெள்ளைத் துணி விரிச்சு எல்லாம் ரெடி. சடங்கு ஆரம்பிக்க நாப்பது நிமிஷம் இருக்கும்போது மழை பிடிச்சுக்கிச்சு. உள்ள மாத்திடலாம்னு சொன்னாங்க, நாங்களும் ஏதோ ஒரு ஹாலுக்குத்தான் போறோம்னு நினைச்சுட்டு பின்னாடியே போனோம், கடைசில பார்த்தா அது கிச்சனுக்கும் பால்ரூமுக்கும் நடுவுல இருக்குற அகலமான வராந்தா. பால்ரூம்ல அன்னிக்கு வேற ஒரு கம்பெனி மீட்டிங். தாழ்ந்த கூரை, வெள்ளை ட்யூப்லைட், பாதி பேருக்கு நாற்காலி இல்ல. அக்கா பேச ஆரம்பிச்ச நேரத்துல பக்கத்துல இருந்த ஸ்விங் டோர் தொறந்துச்சு, ட்ராலில தட்டு அடுக்கி ஒரு பையன் தள்ளிட்டு வந்தான், அவனும் பாவம் என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே நின்னுட்டான். அந்த தட்டுச் சத்தம் வீடியோல இன்னிக்கும் இருக்கு. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னா "மழை பெய்தால் மாற்று இடம் வழங்கப்படும்" அவ்வளவுதான். அவங்க சொன்ன மாதிரியே மாற்று இடம் குடுத்தாங்க, எந்த இடம்னு நாங்க கேக்கவே இல்ல.

அதனால தம்பி கல்யாணத்துக்கு ஒப்பிட்டுப் பாக்கும்போது நான் மாற்று இடத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன். வெட்டவெளி இடம் ஒவ்வொண்ணுக்கும் மழை வந்தா எங்க போவோம்னு கேட்டு, முதல்ல அந்த இடத்தைப் போய் நின்னு பார்த்தேன். அந்த இடத்துல சடங்கு நடந்தா நமக்கு சந்தோஷமா இருக்குமான்னு யோசிச்சுட்டு, அதுக்கப்புறம்தான் புல்வெளியையும் கடலையும் பார்த்தது. மாற்று இடம் பிடிக்கலன்னா அந்த வெட்டவெளி எவ்வளவு அழகா இருந்தாலும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுறதுன்னு வச்சுக்கிட்டோம். இந்த ஒரு பழக்கமே பாதி குழப்பத்தை தீர்த்துடுச்சு.

முதல்ல பால்ரூம். இதுக்கு மழை, வெயில், காத்து எந்தக் கவலையும் இல்ல, ஏசி இருக்கு, வீல்சேர் நேரா உள்ள வரும், பாத்ரூம் பக்கத்துல, மைக் ஸ்பீக்கர் எல்லாம் ஏற்கனவே மாட்டியிருக்கும். வயசானவங்க நிறைய வர்ற குடும்பம்னா இது ஒண்ணே போதும் பால்ரூமை எடுக்க. ஆனா பால்ரூம்ல பாக்க வேண்டியது வேற சில விஷயம் இருக்கு. ஒண்ணு தூண். காலியா இருக்கும்போது தூண் கண்ணுலயே படாது, நாற்காலி போட்டப்புறம் தூணுக்குப் பின்னாடி மாட்டுன இருபது பேருக்கு மேடையே தெரியாது. அதனால பாக்கப் போகும்போது மேடை வர்ற இடத்துல ஒருத்தரை நிறுத்தி வச்சுட்டு நீங்க கடைசி வரிசை வர்ற இடத்துல ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலை வரைக்கும் நடந்து பாருங்க.

இன்னொண்ணு அந்த மடக்குற சுவர். பெரிய பால்ரூமை ரெண்டா மூணா பிரிச்சுக் குடுக்குறதுக்கு ஹோட்டல்ல நகர்த்துற பார்ட்டிஷன் வச்சிருப்பாங்க. பார்க்க சுவர் மாதிரியே இருக்கும், பேச்சுச் சத்தத்தை ஓரளவு தாங்கும், ஆனா பக்கத்து ஹால்ல டிஜே பேஸ் போட்டா கண்டிப்பா இந்தப் பக்கம் வந்துடும், தாழ்ந்த ஸ்ருதில வர்ற சத்தத்தை தடுக்க சுவருக்கு நல்ல கனம் வேணும், இதுல அது கிடையாது. அதே நேரத்துல பக்கத்து ஹால்ல என்ன நிகழ்ச்சின்னு கேட்டு எழுதி வாங்கிக்கணும். இன்னிக்கு காலியா இருக்குன்னு சொல்வாங்க, ரெண்டு மாசம் கழிச்சு யாரோ புக் பண்ணிடுவாங்க.

அப்புறம் தீ. விளக்கு, மெழுகுவர்த்தி, அக்னி வளர்க்குற சடங்கு, இல்ல புகை மெஷின், இதுல எது இருந்தாலும் முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க. உள்ள ஸ்மோக் டிடெக்டர் இருக்கும், புகை மேல போனா அலாரம் அடிச்சு மொத்த ஹோட்டலும் வெளிய வரணும். சில ஹோட்டல்ல அந்த ஹாலோட டிடெக்டரை மட்டும் அந்த நேரத்துக்கு தனியா பிரிச்சு வச்சுட்டு, தீயணைப்பு கருவியோட ஒரு ஆளை கூடவே நிறுத்துவாங்க, சில ஹோட்டல்ல உள்ள நெருப்பே கூடாதுன்னுடுவாங்க. இது ஒண்ணே உங்க இடத்தை முடிவு பண்ணிடலாம், அதனால அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க.

எத்தனை பேர் உக்கார முடியும்ங்கிறதுல ஹோட்டல் சொல்ற நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. 200 பேர்னு போட்டிருக்கும், அது நாற்காலி மட்டும் வரிசையா போட்டா வர்ற கணக்கு. வட்ட மேஜை போட்டா அதே ஹால்ல பாதிக்கும் குறைவா ஆகிடும். அமெரிக்கால பயன்படுத்துற கட்டட விதில ஒரு கணக்கு இருக்கு, வெறும் நாற்காலின்னா ஆளுக்கு 7 சதுர அடி, மேஜையும் நாற்காலியும்னா ஆளுக்கு 15 சதுர அடி. இது தீ விபத்துல எல்லாரும் வெளிய போறதுக்காக வச்ச கணக்கு, ஆனா நமக்கும் நல்லா உதவும். நான் டேப் எடுத்துட்டுப் போய் அந்த கண்ணாடிக் கதவு ஹாலை அளந்தேன். 40 அடிக்கு 50 அடி, 2000 சதுர அடி. அதுல மேடைக்கு 12க்கு 16, அதாவது 192 போச்சு. நடுவுல நடந்து வர்ற பாதை 6 அடி அகலம் 40 அடி நீளம், 240 போச்சு. மிச்சம் 1568. நாற்காலி மட்டும்னா 224 பேர், மேஜை போட்டா 104 பேர். எங்களுக்கு விருந்தாளி 140 பேர். அப்ப சடங்குக்கு தாராளமா போதும், சாப்பாட்டுக்கு பத்தாது. இந்த ஒரு கணக்கைப் போட்டதும் அம்மாவுக்கே விஷயம் புரிஞ்சுடுச்சு.

மேஜைல ஒரு சின்ன விஷயம், 5 அடி விட்டம் இருக்குற வட்ட மேஜைல 8 பேர்தான் நிம்மதியா உக்காரலாம், 6 அடின்னா 10 பேர். ஹோட்டல்ல 5 அடி மேஜைக்கு பத்து நாற்காலி போட்டுக் காட்டுவாங்க, உக்காந்து பார்த்தா முழங்கை இடிக்கும்.

சடங்கும் சாப்பாடும் ஒரே ஹால்லன்னு முடிவு பண்ணா நடுவுல ஹாலை மாத்தி அமைக்கணும், நாற்காலி வரிசைய எடுத்து மேஜை போடுறதுக்கு ஒரு மணி நேரம் ஒண்ணரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் 140 பேரும் எங்க நிப்பாங்க? வெளிய இருக்குற லாபி மாதிரி இடம் போதுமா, அங்க உக்கார இடம் இருக்கான்னு பாக்கணும். தனித்தனி இடம்னா இந்தப் பிரச்சனை இல்ல, ஆனா ரெண்டு இடத்துக்கும் அலங்காரம், ரெண்டு இடத்துக்கும் சவுண்ட் செட், செலவு கூடும். சடங்கு பண்ண இடத்துல இருந்த பூவை விருந்து நடக்குற இடத்துக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு அலங்காரம் பண்றவங்ககிட்ட கேளுங்க, நிறைய பேர் பண்ணித் தருவாங்க.

இப்ப புல்வெளி. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அக்கா கல்யாணத்துல அவ்வளவு பட்டும் கூட. சாயங்கால வெளிச்சத்துல மனுஷங்க முகம் அவ்வளவு நல்லா இருக்கும், எந்த பால்ரூம் லைட்டும் அதைக் குடுக்காது. ஆனா சூரியன் எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்த்துட்டுத்தான் மேடையோட திசையை வைக்கணும், விருந்தாளிங்க முகத்துல நேரா வெயில் அடிச்சா எல்லாரும் கண்ணைச் சுருக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கல்யாணம் நடக்கப்போற மாசத்துல, அதே நேரத்துல போய் பாக்குறதுதான் சரி. முடியலன்னா ஒரு கை கணக்கு இருக்கு, கையை நல்லா நீட்டி விரலைப் படுக்கையா வச்சுப் பாருங்க, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவுல நம்ம ஊர் பக்கம் ஒரு விரல் உத்தேசமா 8 நிமிஷம், நாலு விரல் அரை மணி நேரம். ஏன்னா சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, நீட்டுன கைல நாலு விரலும் சேர்ந்து கிட்டத்தட்ட அதுல பாதி அகலம்தான். நாங்க போனப்ப ஆறு விரல் இருந்துச்சு, அப்பவே ஒரு பக்கம் முழுக்க பக்கத்து கட்டடத்தோட நிழல் விழுந்துடுச்சு. வீட்ல உக்காந்து போட்டோ பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. மர பந்தல் போட்டு இடைவெளி விட்டு மரச் சட்டம் அடிச்சிருந்தா அதையும் கவனிங்க, மதிய வெயில்ல மாப்பிள்ளை பொண்ணு முகத்துல வரி வரியா நிழல் விழும், அதை எடிட்டிங்ல எடுக்குறது ரொம்ப கஷ்டம்.

புல்வெளில சத்தம்தான் பெரிய பிரச்சனை, இதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. ஹாலுக்குள்ள பேசுனா சுவர்ல பட்டு திரும்பி வந்து கடைசி வரிசைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். வெட்டவெளில தூரம் ரெண்டு மடங்கு ஆகுறப்பல்லாம் சத்தம் 6 டெசிபல் குறைஞ்சுடும். அப்ப முன்னாடி ரெண்டு பெரிய ஸ்பீக்கர் வச்சு அலற விடுறதை விட, நடுவுல பக்கவாட்டுல ரெண்டு சின்ன ஸ்பீக்கர் சேர்த்து வச்சு எல்லாத்தையும் மெதுவா வைக்கிறதுதான் நல்லது. சடங்கு நடத்தி வைக்கிறவர், மாப்பிள்ளை, பொண்ணு மூணு பேருக்கும் சட்டைல குத்துற மைக், அதுக்கு மேல காத்துக்கு பஞ்சு உறை. கல்யாணத்துல அவங்க ரெண்டு பேரும் பேசுற அந்த சில நிமிஷம்தானே முக்கியம், அதுவே யாருக்கும் கேக்கலன்னா வந்தவங்க எதைப் பாக்க வந்தாங்க?

மத்தபடி ஹீல்ஸ் மண்ணுல இறங்கும், அதுக்கு பலகைப் பாதை போடச் சொல்லணும். தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் டைமர்ல இருக்கும், முதல் நாள் ராத்திரியே நிறுத்தச் சொல்லணும். கொசு இருக்கும். கரண்ட் எங்கிருந்து எடுக்குறாங்க, ஒயர் ஆளுங்க நடக்குற பாதையில வருதான்னு பாக்கணும்.

கடற்கரைக்கு வருவோம். தம்பி கட்டிக்கப்போற பொண்ணு ஆசைப்பட்டது இது, அந்தப் பொண்ணோட தேர்வுல தப்பே இல்ல, கடல் முன்னாடி நின்னு பண்ணிக்கிட்ட கல்யாணத்தை யாரும் மறக்க மாட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு தேதி கேட்டது பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம், நிலா உதிக்கும்போது. இங்கதான் விஷயம். பௌர்ணமி, அமாவாசை ரெண்டையும் ஒட்டின நாள்லதான் கடல் ரொம்ப உள்ள வரும், ஏன்னா சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல நின்னு தண்ணியை இழுக்குது. நாற்காலி போட நினைக்கிற மணல்ல பாதி தண்ணிக்குள்ள போயிடலாம். நிறைய கடற்கரையில கடல் மட்டம் உச்சத்துக்கு ஏறுற ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவுல 12 மணி 25 நிமிஷம் ஆகும், அப்ப ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். அதனால நாலு நாள் முன்னாடி போய்ப் பார்த்து இவ்வளவு மணல் இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது, அந்தத் தேதிக்கான கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாக்கணும், அது முன்கூட்டியே வெளிவருது, ஹோட்டல்லயும் கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. நாங்க அந்தத் தேதிக்கு எடுத்துப் பார்த்தப்ப சடங்கு நேரத்துக்கு சரியா உச்ச ஏற்றம் விழுந்துச்சு. பொண்ணு அதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

அதோட இன்னொரு கேள்வி, அந்த மணல் யாரோடது? ஹோட்டலுக்கு முன்னாடி இருக்குறதால ஹோட்டலோடதுன்னு நினைச்சுடுவோம். நிறைய இடத்துல கடற்கரை பொதுச் சொத்து. ஹவாயை எடுத்துக்கோங்க, அங்க கடற்கரை எல்லாமே பொது, பெரிய ரிசார்ட் முன்னாடி இருந்தாலும் யார் வேணா வந்து உக்காரலாம், அங்க காசு வாங்கிட்டு கல்யாணம் நடத்திக் குடுக்குறவங்க அரசாங்கத்துகிட்ட பெர்மிட் வாங்கணும். அதனால பெர்மிட் யார் எடுக்குறது, பெர்மிட்ல நாற்காலி, பந்தல், ஸ்பீக்கர் எல்லாம் அனுமதி உண்டா, போறவங்க வர்றவங்க நடுவுல நடந்து போனா ஹோட்டல்ல என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுக்கணும். சத்தம் இங்க இன்னும் மோசம், அலைச் சத்தம் நிக்காம இருந்துட்டே இருக்கும், பேச்சை அப்படியே மூடிடும். வீல்சேர் மணல்ல போகாது. 30 பேருக்குள்ளன்னா, எல்லாரும் கிட்ட நெருக்கமா நிக்கலாம்னா, கடற்கரை மாதிரி இடம் வேற இல்லன்னு நான் சொல்வேன். 140 பேருக்கு வேண்டாம்.

மொட்டை மாடில தம்பிக்கு ஏன் ஆசைன்னா ஊரே கீழ விளக்கா தெரியும். ராத்திரி பார்ட்டிக்கு சரிதான். சடங்குக்கு நான் ஒரே ஒரு கணக்குதான் போட்டுக் காட்டுனேன். ரெண்டு லிஃப்ட், ஒண்ணுக்கு 10 பேர், மேல போய் கீழ வர மூணு நிமிஷம். 140 பேர்னா ஒவ்வொரு லிஃப்டும் ஏழு தடவ, 21 நிமிஷம், அதுவும் மத்த ரூம்காரங்க யாரும் நடுவுல லிஃப்டை கூப்பிடாம இருந்தா. கீழ ஒரு கூட்டம் நின்னுட்டே இருக்கும். இறங்கும்போதும் அதேதான். அலாரம் அடிச்சா லிஃப்டை பயன்படுத்தக் கூடாது, தாத்தா பன்னெண்டு மாடி படில எப்படி இறங்குவார்னு கேட்டேன், தம்பி அதுக்கு மேல பேசல. காத்தும் மேல போகப் போக அதிகம், அலங்கார வளைவை கட்டுறதுக்கு தரைல ஓட்டை போட முடியாது, கனமான எடை வச்சுத்தான் நிறுத்தணும், எவ்வளவு எடை வைக்கலாம்னு மாடிக்கும் ஒரு அளவு இருக்கு. பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்தணும்னு ஒரு கட்டுப்பாடு இருக்கும், அது பெரும்பாலும் உள்ள இருக்குற ஹாலை விட சீக்கிரமா இருக்கும்.

நீச்சல்குளம் பக்கம் பத்தி ரொம்ப சொல்றதுக்கு இல்ல. மத்த விருந்தினர் குளிக்கிற நேரத்துல குளத்தை மூடுவாங்களான்னு கேளுங்க, மூட மாட்டோம்னா விட்டுடுங்க. சின்னப் பசங்க நிறைய வர்ற கல்யாணம்னா யோசிக்கவே வேண்டாம், எல்லாரும் மேடையைப் பார்த்துட்டு இருக்கும்போது தண்ணிப் பக்கம் யார் பாக்குறது?

சில ஹோட்டல்ல உள்ளயே சேப்பல்ங்கிற சின்ன சர்ச்சோ சின்னக் கோயில் மாதிரி அமைப்போ இருக்கும். இதுக்கு ஜப்பான்ல ஒரு கதை உண்டு. 1923ல டோக்கியோவை அடிச்ச பெரிய பூகம்பத்துல, வழக்கமா கல்யாணம் நடத்தி வச்சுட்டு இருந்த ஹிபியா கோயில் எரிஞ்சு போச்சு, அப்ப இம்பீரியல் ஹோட்டல் உள்ளயே ஒரு சன்னதி அமைச்சு சடங்கையும் விருந்தையும் ஒரே கட்டடத்துக்குள்ள நடத்திக் குடுக்க ஆரம்பிச்சது. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் அலையாம ஒரே இடத்துல முடியுதேன்னு ஜனங்களுக்கும் பிடிச்சுப்போச்சு. அந்த வசதி இன்னிக்கும் பெருசுதான், அங்கி, மாலை எல்லாம் போட்டுக்கிட்டு வண்டில ஏறி இறங்க வேண்டாம், மேக்கப் ரூம் மேல மாடிலயே. ஆனா இந்த மாதிரி தனி அமைப்புல நேரம் ஸ்லாட்டா குடுப்பாங்க, உங்களுக்கு அப்புறம் இன்னொரு ஜோடி காத்துட்டு இருக்கும், உங்க சடங்கு நீளமா போற வகைன்னா ரெண்டு ஸ்லாட் எடுங்க.

இடத்தைப் பத்தி இவ்வளவு பேசிட்டோம், எப்படிப்பட்ட கல்யாணம்ங்கிறதும் இதோட சேர்ந்ததுதான். ஹோட்டல்ல நடக்குற சடங்குலயே சட்டப்படி பதிவும் ஆகணுமா, இல்ல பதிவை தனியா முடிச்சுட்டு ஹோட்டல்ல சடங்கு மட்டுமா? வெளிநாட்டு ஹோட்டல்ல பண்ண நினைக்கிறவங்க இதை முதல்ல பாக்கணும், நாட்டுக்கு நாடு விதி அவ்வளவு மாறுது. பிரான்ஸ்ல சட்டப்படி கல்யாணம்னா நகராட்சி அலுவலகத்துலதான், அது முடிஞ்சப்புறம்தான் மதச் சடங்கே, ஹோட்டல்ல நடக்குறதுக்கு சட்ட மதிப்பு கிடையாது. இங்கிலாந்துல 1995 ஏப்ரல்ல இருந்துதான் அனுமதி வாங்குன ஹோட்டல்ல பதிவுக் கல்யாணம் பண்ண முடியுது, அதுவும் கட்டடத்துக்குள்ளதான்னு இருந்துச்சு, 2021 ஜூலைலதான் ஹோட்டல் வளாகத்துல வெட்டவெளில பண்ணிக்கலாம்னு மாத்துனாங்க. அந்தப் பதிவுக் கல்யாணத்துல சாமி பாட்டு மாதிரி மதச் சடங்கு எதுவும் சேர்க்கக் கூடாது. பக்கத்துலயே ஸ்காட்லாந்துல பாருங்க, அங்க அனுமதி நடத்தி வைக்கிறவரைப் பொறுத்தது, அதனால ஹோட்டல்ல எந்த மூலைலயும் நடத்தலாம்.

என் கருத்து என்னன்னா பதிவை தனியா ஒரு நாள் முடிச்சுட்டு வந்துடுறது நல்லது. அப்ப ஹோட்டல்ல நேரம், இடம், வார்த்தை எல்லாமே நம்ம கைல. ரெஜிஸ்ட்ரார் எத்தனை மணிக்கு வருவார்னு நாலு மணில இருந்து வாசலைப் பார்த்துட்டு நிக்க வேண்டாம். ஆனா சிலருக்கு கையெழுத்து போடுற அந்த நிமிஷம் எல்லார் முன்னாடியும் நடக்கணும்னு ஆசை இருக்கும், அது நியாயமான ஆசை, அப்ப அனுமதி இருக்குற ஹாலைத்தான் எடுக்கணும்.

நாற்காலி போடுற விதம் பத்தியும் சொல்லணும், இதுக்கு செலவே இல்ல, ஆனா மொத்த சடங்கோட உணர்வையும் மாத்திடும். 140 பேரை வரிசைக்கு 14ன்னு நேரா போட்டா பத்து வரிசை, வரிசைக்கு 3 அடின்னா கடைசில இருக்குறவங்க 30 அடிக்கு மேல தள்ளி இருப்பாங்க. அதையே அரை வட்டமா, மேடையை மூணு பக்கமும் சுத்தி போட்டா ஆறு வரிசைல முடிஞ்சுடும், கடைசி வரிசைக்கும் முகம் தெரியும். ஒரே ஒரு சங்கடம், பக்கவாட்டுல இருக்குறவங்களுக்கு ஒருத்தர் முதுகுதான் தெரியும், அதுக்கு ஜோடியை ஒருத்தரை ஒருத்தர் பார்த்த மாதிரி கொஞ்சம் திருப்பி நிறுத்துனா சரியாகும். முழு வட்டமாவும் போடலாம், சின்னக் கூட்டத்துக்கு ரொம்ப நல்லா இருக்கும், போட்டோகிராஃபருக்குத்தான் நிக்க இடம் கிடைக்காது. கீழ உக்காந்து பண்ற சடங்குன்னா மேடை ரெண்டு அடி உயரமாவது வேணும், இல்லன்னா மூணாவது வரிசைக்கு அப்புறம் யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

கடைசில நாங்க என்ன பண்ணோம்னா அந்த கண்ணாடிக் கதவு ஹாலைத்தான் முக்கிய இடமா எடுத்தோம், அதுக்கு வெளிய இருக்குற புல்வெளியை கூடுதலா வச்சுக்கிட்டோம். அதாவது வானம் நல்லா இருந்தா வெளிய, இல்லன்னா உள்ள. சாப்பாடு பால்ரூம்ல. ஒப்பந்தத்துல "மாற்று இடம்"ங்கிற வார்த்தைய அடிச்சுட்டு அந்த ஹாலோட பேரை எழுத வச்சேன், அந்த நேரத்துக்கு வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி, மதியம் ரெண்டு மணிக்கு நாங்க முடிவு சொல்வோம்னு ஒரு வரி. ஹோட்டல்ல விசேஷம் எல்லாம் பாத்துக்குற பேங்குவெட் மேனேஜர் "வழக்கமா நாங்க இப்படி எழுதித் தர்றதில்ல சார்"னு சொன்னார், மேல கேட்டுட்டு அடுத்த நாள் எழுதிக் குடுத்துட்டார். பொண்ணுக்கு கடல் வேணும்னு இருந்த ஆசைக்கு மறுநாள் மதியம் ரெண்டு பேரும் போட்டோகிராஃபரும் மட்டும் கடற்கரைக்குப் போறதுன்னு பேசி வச்சோம், அந்த நேரத்துல தண்ணி நல்லா உள்வாங்கி இருக்கும்னு அதே அட்டவணைலயே பார்த்து வச்சோம்.

கல்யாணத்தன்னிக்கு ரெண்டு மணிக்கு மேற்குப் பக்கம் கருத்திருந்துச்சு. உள்ளயே பண்ணிடலாம்னு சொல்லிட்டேன். கண்ணாடிக் கதவு எல்லாத்தையும் தொறந்து வச்சாங்க, அரை வட்டமா நாற்காலி, தாத்தா மூணாவது வரிசை ஓரத்துல வீல்சேர்ல, அவருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர். மழை கடைசி வரைக்கும் வரல. பொண்ணு பேசி முடிச்சதும் தாத்தா பக்கத்துல இருந்த அத்தைகிட்ட அது சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டு இருந்தார், அவருக்கு காது மந்தம், ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கு.